வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் வளர்ந்தவள் நான். வடசென்னையில் ஓட்டேரிக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் எங்கள் தெரு. பி அண்ட் சி ஜவுளி மில்லின் முதல் சங்குக்கு அடுப்பு மூட்டி, அடுத்த சங்குக்குள் சோற்றை டிபன் கேரியரில் அடைத்து அனுப்பிவிடுகிற வீடுகள். விடிவதற்குள் அடிபம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். யார் குடம் யார் குடத்துக்கு முன்னால் இருந்தது என்று ஆரம்பிக்கிற சண்டை, ஏழு மணிக்குள் இரண்டு குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் இழுத்துவிட்டுத்தான் ஓயும். சாயங்காலம் டீக்கடை பெஞ்சு. ராத்திரியானால் தெருமுனைக் கூட்டம். மூங்கில் கம்பத்தில் ட்யூப் லைட், மரத்தில் கூம்பு ஸ்பீக்கர், தலைவர் வந்துசேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்கிற உள்ளூர்ப் பேச்சாளர். கட்சிக்கு ஒரு கொடிக்கம்பம், கொடிக்கம்பத்துக்கு ஒரு படிப்பகம். அங்கே ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், நாலு பேர் கேட்பார்கள், ஐந்தாவது ஆள் நடுவில் புகுந்து மறுப்பார்.

அந்த வட்டாரத்துக்குப் பேச்சு என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்ல, வேலை முடிந்து வந்த ஆயிரக்கணக்கான பேர் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார்கள். என் தாத்தா அப்போது சின்னப் பையன். யாரோ ஒருவர் தோளில் உட்கார்ந்து அந்தக் கூட்டங்களைப் பார்த்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்கு நினைவிருக்காது. "எங்களப் பாத்து 'தோழர்களே'ன்னாங்க" என்பார். அதுவரை அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இவ்வளவு பேச்சிலும் எங்களுக்கு இடம் கிடையாது. பிள்ளைகள் வாயைத் திறந்தால், "பெரியவங்க பேசிகினு இருக்காங்க இல்ல?" பெண் பிள்ளைகள் திறந்தால் அதைவிட மோசம். "பொம்பளப் புள்ளைக்கு இன்னா வாயி" என்ற ஒரே வரியில் எந்த நியாயத்தையும் அடித்துவிடலாம். படிப்பகத்தின் வாசற்படியை நான் தாண்டியதே இல்லை. அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள்போல வெளியே நின்றபடி, உள்ளே அவர்கள் வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொள்வேன். நாலைந்து முறை கூப்பிட்ட பிறகும் அண்ணன் எழுந்து வராமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

நான் படித்தது மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. தாவணி கட்டிக்கொண்டு போகிற பிளஸ் ஒன் வரைக்கும் அங்கே இலக்கிய மன்றம் என்றால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், ஒரு தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு பேச்சு, ஒரு பாட்டு, நன்றியுரை. பேசுகிறவள் எப்போதும் ஒருத்திதான். குரல் கணீரென்று இருந்ததால் ஆறாம் வகுப்பிலேயே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். டீச்சர் எழுதிக்கொடுப்பார், அவள் மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பாள். காந்தி, நேரு, காமராசர் மூவருக்கும் ஒரே பேச்சு. பேரும் பிறந்த ஊரும்தான் மாறும். ஒருமுறை காமராசரைப் போர்பந்தரில் பிறக்கவைத்தாள். நாங்கள் கை தட்டினோம். யாரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட. மற்ற நாற்பது பேருக்கும் மன்றத்தில் ஒரே வேலை, அந்தக் கைதட்டல்.

அதை மாற்றியவர் இன்னொரு மாநகராட்சிப் பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்த தமிழம்மா. காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய ரிஸ்ட் வாட்ச், சாக்பீஸ் டப்பாவோடு ஒரு தகரப் பென்சில் டப்பா. வந்த மாதமே ஒப்பிக்கிற பேச்சை நிறுத்தினார். "இனிமே யாரும் யாரையும் புகழ வேண்டாம். எதிர்த்துப் பேசுங்க" என்றார். வீட்டில் எதற்காக அடி வாங்குகிறோமோ, அதையே ஒரு டீச்சர் செய்யச் சொல்கிறார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் வகுத்த முறை எளிமையானது. திங்கட்கிழமை தலைப்பு கரும்பலகையின் மூலையில் வந்துவிடும். எந்தக் கட்சி யாருக்கு என்பது வியாழக்கிழமைதான் தெரியும். பென்சில் டப்பாவுக்குள் மடித்த இரண்டு சீட்டு. எடுத்த சீட்டு எதுவோ அதுதான் பேச வேண்டும். அதனால் மூன்று நாளும் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் தேடியாக வேண்டும். பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். டஸ்டரால் மேசையைத் தட்டினால் பாதி வாக்கியமானாலும் உட்கார்ந்துவிட வேண்டும். அவையோர் வணக்கம், நடுவர் வணக்கம், தமிழன்னை வணக்கம் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும்விடக் கறாரான விதி ஒன்று இருந்தது. மறுத்துப் பேச எழுகிறவள், எதிர்க்கட்சிக்காரி சொன்னதை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுப்பு. அவள் தலையை ஆட்டிவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

தீர்ப்பும் அவர் சொல்ல மாட்டார். ஆரம்பிக்கும் முன்னால் வகுப்பையே கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்வார். முடிந்ததும் மறுபடி. எந்தப் பக்கத்துக்குக் கைகள் கூடியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் வெற்றி. கைதட்டல் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் இதனால் நீதிபதிகள் ஆகிவிட்டார்கள். சும்மா இருக்கிற பிள்ளை என்று அந்தப் பீரியடில் யாருமே இல்லை.

தலைப்புகள் எங்கள் காதில் தினமும் விழுகிறவையாகவே இருந்தன. ஓட்டுப் போடும் வயது அப்போது 21. அதைப் பதினெட்டாக்கலாமா? டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் 1984-இல் கொண்டுவந்த நுழைவுத் தேர்வு நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதா கெட்டதா? டி.வி. வீட்டுக்கு வேண்டுமா? எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீடு ஒன்றுதான். அந்த வீட்டுப் பெண் சீட்டில் 'வேண்டாம்' எடுத்தாள். அவள் பேசிய பிறகு எங்களில் பாதிப்பேருக்கு டி.வி. ஆசையே போய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில்தான் எல்லோரும் இருந்தோம், அவளும்.

1985 நடுவில் மத்திய அரசு புதிய ஜவுளிக் கொள்கை அறிவித்தது. ஆலைகளை நவீனமாக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பேச்சு. படிப்பகம், டீக்கடை, சங்க ஆபீஸ் எல்லா இடத்திலும் அதுவே ஓடியது. அந்தத் திங்கட்கிழமை கரும்பலகை மூலையிலும் வந்துவிட்டது: ஆலைகளுக்குப் புதிய இயந்திரங்கள் வேண்டுமா? வகுப்பில் பாதிப்பேர் மில்காரர் வீட்டுப் பிள்ளைகள். முதல் கைதூக்கலில் 'வேண்டும்' என்பதற்கு ஒன்றிரண்டு கைதான் எழும் என்று எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை அந்தச் சீட்டு எனக்கு விழுந்தது.

நைனா நெசவுப் பிரிவில் இருந்தார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டில் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும்.

"புது மிஷின் வந்தா நாலு பேரு வேலைய ஒருத்தன் பாப்பான். மிச்சம் மூணு பேரு இன்னா பண்ணுவான்? அத்தக் கேளு மொதல்ல."

"அது அந்தப் பக்கம் பேசற புள்ளைங்க சொல்லும் நைனா. நான் வேணும்னு பேசணும்."

"எதுக்கு அப்டிப் பேசணும்?"

"சீட்டு அப்டி வந்துடுச்சு."

அம்மா முகம் சுளித்தார். பெற்ற அப்பனின் வயிற்றில் அடிக்கிற பேச்சைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டார். நைனா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார். பழைய தறியில் நாடா சில சமயம் தடம் விட்டுப் பறந்து வருமாம். அப்படி வந்து கண்ணில் பட்டு ஒரு கண் போனவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவர் கண் போன கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமுகிறவர்கள், ஷெட்டுக்குள் கைச்சாடையிலேயே பேசிக்கொள்வது, இருபது வருடம் அந்தச் சத்தத்தில் நின்றவனுக்கு வீட்டில் பெண்டாட்டி மெதுவாகப் பேசினால் காதில் விழாமல் போவது. "புது மிஷின்ல சத்தம் கம்மியா, தூசி கம்மியா இருக்கும்னு சொல்றாங்க. அத்தச் சொல்லு. ஆனா ஆளை எடுக்காம மிஷின் வையின்னும் சேத்துச் சொல்லு" என்றார். நைனா தன் வேலையைப் பற்றி வீட்டில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சத்தமாகப் பேசுவது கோபத்தால் அல்ல என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. நான் எனக்கு ஒவ்வாத பக்கம் பேச வேண்டிவந்ததால் மட்டுமே அந்தப் பேச்சு வெளியே வந்தது. என் விருப்பத்துக்கே விட்டிருந்தால், 'வேண்டாம்' என்று பேச நைனாவிடம் கேட்டறிய என்ன இருந்திருக்கும்?

வெள்ளிக்கிழமை கைகள் எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்தன. ஜெயிக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்காரி, "ஆளை எடுக்காம மிஷின் வெச்சா, மிஷின் வாங்குன கடனை யாரு கட்டறது?" என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நாட்டில் வேறு யாரிடமும் இருந்ததாகவும் தெரியவில்லை. 1996-இல் அந்த மில் மூடப்பட்டது.

இன்னொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே மனதில் நிற்கிறது. எங்கள் பள்ளியை நடத்திய மாநகராட்சிக்கு அப்போது மேயரும் இல்லை, கவுன்சிலர்களும் இல்லை. மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேட்டு ஊழல் புகாரில் 1973-இல் மன்றத்தைக் கலைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அதிகாரிகள் ஆட்சிதான். ரிப்பன் கட்டடத்தின் மன்றக் கூடம் சும்மா கிடந்தது. எங்களில் யாருக்கும் கவுன்சிலர் என்ற ஆளைப் பார்த்த நினைவே இல்லை. மாநகராட்சிக்குத் தேர்தல் வேண்டுமா, அதிகாரிகளே போதுமா என்று தலைப்பு வந்தது. நான் 'அதிகாரிகளே போதும்' கட்சி. எதிரே காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிற அம்மாவின் மகள். காலையில் அம்மாவோடு போய்விட்டுப் பாதி நாள் தாமதமாக வருவாள். வராத நாட்களும் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் தவறவே மாட்டாள்.

அவள் கட்சி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அதற்கு அணை போடத் தயாராகவே வந்திருந்தோம். வீட்டுக்காரம்மாவிடம் வரி அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில், சொத்து வரி ஒரு அட்டை, குடிநீர் வரி வேறு அட்டை. கன்னிமாரா நூலகத்துக்குத் தமிழம்மா எங்களைக் கூட்டிப்போனபோது விஷயம் உறுதியானது. 1978-லேயே குடிநீரைத் தனி வாரியத்திடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சிக்கும் குழாய்க்கும் சம்பந்தம் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் கட்சி தண்ணீரை எடுத்ததும் நான் எழுந்தேன். "கவுன்சிலர் இருந்தா தண்ணி வரும்னு சொல்றீங்க, சரியா?" என்று கேட்டு அவளைத் தலையாட்டவைத்துவிட்டு, குடிநீர் வாரியக் கதையைச் சொன்னேன். வகுப்பே 'ஓ' போட்டது.

அவள் எழுந்து நின்றாள். அவசரப்படவில்லை. "தண்ணி தனி வாரியத்துக்குப் போயிடுச்சு, அதனால கவுன்சிலரால ஒண்ணும் ஆவாதுன்றே. அதானே?" என்றாள். அதேதான் என்றேன். "தனியாப் போன விஷயம் இந்தக் கிளாசுல இருக்கற எங்க யாருக்கும் தெரியாது. உனக்கே வரி அட்டையப் பாத்தப்பறந்தான் தெரிஞ்சுது. ஒரு கவுன்சிலர் இருந்திருந்தா, அன்னிக்கே மன்றத்துல நின்னு ஏன் எடுக்கறீங்கன்னு கேட்டிருப்பான். பேப்பர்ல வந்திருக்கும். படிப்பகத்துல படிச்சிருப்பாங்க. கேக்கறதுக்கு ஆள் இல்லாததாலதான் நமக்குத் தெரியாமயே போச்சு." உட்கார்ந்துவிட்டாள். மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. நான் கொண்டுவந்த சான்றையே எடுத்து என் கட்சியைத் தோற்கடித்தாள். கடைசிக் கைதூக்கலில் என் கட்சிக்காரி ஒருத்தியே அவள் பக்கம் கை தூக்கிவிட்டாள். எனக்கும் தூக்கத்தான் ஆசை. அந்த மாநகராட்சித் தேர்தல் 1996-இல்தான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வாதத்தைப் பார்த்துத்தான் தமிழம்மா எங்கள் இருவரையும் பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்கு அனுப்பினார். அங்கே நடுவராக வந்தவர் மீன்காரம்மா மகளின் வாதத்தைப் பாராட்டிவிட்டு, உச்சரிப்பில் மெட்ராஸ் பாஷை வாடை அடிப்பதாகச் சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தமிழம்மா ஆறுதலும் சொல்லவில்லை. மறுநாள் முதல் காலை ரேடியோச் செய்தியைக் கேட்டு எழுதிவந்து, அதே வேகத்தில் வாசித்துக்காட்ட வேண்டும் என்று இருவருக்கும் வேலை வைத்தார். "வீட்டுல பேசறத மாத்தாதே. இதையும் கத்துக்கோ. ஆளப் பாத்து எது வேணுமோ எடுத்துக்கோ" என்பதுதான் அவர் சொன்ன ஒரே பேச்சு. வெள்ளிக்கிழமைப் பீரியடில் மட்டும் எந்தத் தமிழில் பேசினாலும் அவருக்குச் சம்மதம். பதில் பதிலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாமே நன்மை என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளில் எங்களுக்கு ஜெயிக்கிற வெறி வந்துவிட்டது. வீட்டில் உப்பு கூடிப்போனதற்குக்கூட மூன்று காரணம் அடுக்கி வாதாடினோம். ஒருத்தி எதிராளியின் குடும்பத்தை இழுத்துப் பேசினாள். தமிழம்மா டஸ்டரைத் தட்டி, அப்படியே இரண்டு கட்சியையும் இடம் மாறி உட்காரச் சொன்னார். இதுவரை எதை மறுத்தாளோ அதையே அவள் தூக்கிப்பிடித்துப் பேச வேண்டும். தான் எறிந்த சொல் தன் மேலேயே வந்து விழுவதை அன்றைக்கு அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் யார் வீட்டையும் இழுக்கவில்லை.

மீன்காரம்மா மகளுக்குப் பத்தாவது முடிந்ததிலிருந்தே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளஸ் ஒன் பாதியில் நிச்சயம் வரை வந்துவிட்டது. அவள் அழவில்லை, சாப்பிடாமல் கிடக்கவும் இல்லை. அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, "ஊரு கெட்டுக் கெடக்குது, வயசுப் புள்ளைய வெச்சிகினு பயமா கீது, நாள் ஆனா வரதட்சணை ஏறும். இந்த மூணுதானே நைனா?" என்று அவர் தரப்பை அவருக்கே சொல்லியிருக்கிறாள். அவர் ஆமாம் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில். பள்ளிக்கு இன்னொரு பெண்ணோடு சேர்ந்துதான் போய்வருகிறேன். பிளஸ் டூ முடித்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியலாம். சம்பாதிக்கிற பெண்ணுக்குக் கேட்கிற வரதட்சணை குறையும். அப்பா எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிளஸ் டூ வரைக்கும் தள்ளிவைக்க மட்டும் சம்மதித்தார். முடித்த வருடமே கல்யாணம் நடந்தது. ஆனாலும் அந்த ஒன்றரை வருடத்தை அவளுக்கு வாங்கித்தந்தது வெள்ளிக்கிழமைப் பாடம்தான். தன் தரப்பை மகள் சரியாகச் சொல்வதைக் கேட்ட அப்பாவுக்குக் கையை ஓங்கத் தோன்றவில்லை என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

நாங்கள் ஓட்டேரியில் டஸ்டர் சத்தத்துக்குப் பேசிக்கொண்டிருந்த அதே 1985-இல், அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தின் பொதுப் பள்ளிகளில் எமரி பல்கலைக்கழகம் ஒரு விவாத அமைப்பைத் தொடங்கியிருக்கிறது. ரொம்ப காலம் கழித்துத்தான் இதை நான் படித்தேன். அதுவரை வசதியான பள்ளிகளுக்கு உரியதாக இருந்த விவாதப் பயிற்சியை, நகரத்தின் ஏழைப் பிள்ளைகள், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம். பிறகு சிக்காகோ, நியூயார்க், பால்டிமோர் என்று பரவியது. அங்கேயும் சொந்த விருப்பத்துக்கு இடமில்லை. ஒரே தலைப்பின் இரண்டு பக்கத்தையும் பிள்ளைகள் மாறி மாறிப் பேசியாக வேண்டும். சிக்காகோவில் பத்தாண்டு விவரங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், விவாதத்தில் சேர்ந்த பிள்ளைகள் இடையில் நிற்காமல் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள்தான் அதில் சேருகிறார்களோ என்ற சந்தேகம் வரும். அதற்காக எட்டாம் வகுப்பில் அவர்கள் எடுத்த மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மற்ற நாட்களில் தாமதமாகவும் வராமலும் இருந்தவள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

இப்போது நம் அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றங்களுக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, பிள்ளைகள் மாநில மேடை வரை போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் போட்டி என்பது நன்றாகப் பேசுகிற ஒருத்தியைப் பொறுக்கி எடுக்கிற ஏற்பாடு. அவளுக்குப் பேச்சு எழுதித்தர இன்றைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இப்போது யூட்யூபும் இருக்கிறது. வாராவாரம் நடக்கிற விவாதம்தான் மற்ற நாற்பது பேரையும் பேசவைக்கிறது. பிள்ளைகள் இன்று தொலைக்காட்சியில் பார்க்கிற விவாதத்தில், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லிவிட்டு மறுப்பதை நான் கண்டதே இல்லை. அதை எங்காவது கற்க வேண்டும் என்றால் பள்ளியில்தான் கற்க முடியும். பணம் பெரிதாகத் தேவையில்லை. சீட்டுப் போட ஒரு டப்பா, மணி பார்க்க ஒரு கடிகாரம், கத்தலுக்கு அஞ்சாத ஓர் ஆசிரியர் போதும். தலைமையாசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மன்றத்துக்கு ஒதுக்கிய அந்தப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.